பச்சையைக் கறுப்போடு சேர்த்தால்

ஒரு மேசைக் கணினியைப் பிரித்துப் போட்டால் அதில் நேர்மையான பொருள் ஒன்றே ஒன்றுதான் தேறும் என்பது என் கட்சி. பின்பக்க மூலையில் ஃபேனோடு உட்கார்ந்திருக்கும் தகரப் பெட்டி. உலகம் அதை பவர் சப்ளை என்கிறது, நம் ஊர்க் கடைகளில் அதன் பெயர் எஸ்எம்பிஎஸ். கணினி செத்ததும் மெமரியை உருவிக்கொள்வார்கள், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொள்வார்கள். எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோடு சேர்ந்து காயலான் கடைக்குப் போகும், கிலோ கணக்கில்.

நான் அப்படித் தூக்கி வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தவை. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. மதர்போர்டில் சொருகும் அகலமான கனெக்டரில் பச்சை நிறத்தில் ஒரே ஒரு வயர் இருக்கும். அதை ஏதாவது ஒரு கறுப்பு வயரோடு சேர்த்தால் போதும், ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும். மஞ்சளில் 12 வோல்ட். சிவப்பில் 5. ஆரஞ்சில் 3.3. நீலத்தில் மைனஸ் 12. பதினைந்து சென்டிமீட்டர் அகலம், பதினான்கு ஆழம், ஒன்பதுக்கும் குறைவான உயரம். மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போகலாம். சுவரில் ஒரு மூன்று முனை பிளக் பாயிண்ட் இருந்தால் எந்த அறையும் அரைமணி நேரத்தில் சின்ன மின்னணுப் பட்டறை ஆகிவிடும்.

இதை யாருக்காவது செய்து காட்டினால் கிடைக்கும் பாராட்டு ஒன்று உண்டு. "செம ஜுகாட் ப்ரோ!"

அந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

*

ஜுகாட் என்றால் என்ன? இருப்பதை வைத்து எப்படியோ ஒப்பேற்றுவது. டீசல் பம்ப் எஞ்சினை மரவண்டியில் பூட்டி ஊர்வலம் விடுவது. மேலாண்மைப் புத்தகக்காரர்கள் இதை இந்திய மேதைமை என்று கொண்டாடினார்கள். நாமும் பெருமையாகத் தலையாட்டினோம். ஏழையின் கையில் ஆவணம் இல்லை, உதிரிபாகம் இல்லை, அளவுகோல் இல்லை, ஆனாலும் அவன் எப்படியோ சமாளிக்கிறான் பார் என்கிற பாராட்டு அது. அந்த மூன்றும் ஏன் அவன் கையில் இல்லை என்ற கேள்வியை அந்தப் பாராட்டு அமுக்கிவிடுகிறது.

பச்சையைக் கறுப்போடு சேர்ப்பதில் ஒப்பேற்றுதல் எதுவுமே இல்லை. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற வரையறையை வெளியிட்டது. பெட்டியின் நீள அகலம் என்ன, திருகுத் துளைகள் எங்கே, கனெக்டரின் எந்தத் துளையில் என்ன வோல்ட், அந்த வோல்ட் எவ்வளவு ஏறி இறங்கலாம், வயர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மஞ்சளுக்கு 12 என்றால் 11.4-லிருந்து 12.6 வரை இருக்கலாம், அதைத் தாண்டக் கூடாது. பச்சை வயர் தரையோடு சேர்ந்தால் பெட்டி விழிக்க வேண்டும் என்பதும் அதே வரையறைதான். நீங்கள் பவர் பட்டனை அழுத்தும்போது மதர்போர்டு செய்வதும் இதே காரியம்தான். ஆக, நாம் பெட்டியை ஏமாற்றவில்லை. அதற்கு எழுதப்பட்ட மொழியில் பேசுகிறோம், அது பதில் சொல்கிறது.

ஊதா வயரைப் பாருங்கள். பெட்டி தூங்கும்போதும் அதில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், எழுப்பும் ஆளுக்காகக் காத்திருப்பதற்கு. சாம்பல் வயர் இன்னும் அழகு. எல்லா வோல்ட்டும் அதனதன் அளவில் நிலைத்த பிறகு, ஒரு விநாடியின் சிறு பகுதி பொறுத்து, "சரியாக இருக்கிறது, ஆரம்பிக்கலாம்" என்று மதர்போர்டுக்குச் சொல்லும் வயர் அது. சாம்பலுக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரோடு எல்இடி போட்டால் அந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்கலாம்.

இப்படி எழுதிவைப்பது சும்மா நடந்துவிடுவதில்லை. 1984-இன் ஐபிஎம் ஏடி கணினியையும் அதன் வாரிசுகளையும் தொட்டவர்களுக்கு பி8, பி9 என்ற இரட்டைக் கனெக்டர்கள் நினைவிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் சொருக வேண்டும், இரண்டிலும் கறுப்பு வயர்கள் நடுவில் சேர்ந்திருக்க வேண்டும். மாற்றிச் சொருகினால் மதர்போர்டு காலி. ஏடிஎக்ஸ் அந்த இரண்டையும் ஒரே கனெக்டராக்கி, தப்பான பக்கம் நுழையாதபடி துளைகளுக்கு வடிவம் கொடுத்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் அவசரத்தில் சொருகப்போகிறார் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் வரலாற்றில் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் டெல் தன் மேசைக் கணினிகள் பலவற்றில் பார்ப்பதற்கு அச்சு அசல் ஏடிஎக்ஸ் போலவே இருக்கும் கனெக்டரைப் போட்டு, உள்ளே வயர்களின் இடத்தை மட்டும் மாற்றிவைத்தது. கடையில் வாங்கிய நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை அதில் சொருகினால், அது ஜம்மென்று உட்காரும். ஆன் செய்தால் போர்டு போய்விடும். வடிவம் ஒன்று, வார்த்தை வேறு. எழுதிவைத்ததை நம்பி வந்தவருக்கே அடி. இரண்டு பெட்டிக்கும் உள்ளே இருந்த மின்னியல் ஒன்றுதான். ஒன்றுக்கு மறுபிறவி உண்டு, மற்றதற்குக் கடினம். ஒரு பொருளுக்குச் செத்த பிறகும் வேலை இருக்குமா என்பதை அதன் தரத்தோடு சேர்ந்து, அதைப் பற்றி எழுதிவைத்தார்களா என்பதும் தீர்மானிக்கிறது.

*

அது சரி, செய்வது எப்படி? முழுச் செய்முறை தருவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் சில விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் நானும் ஜுகாட் கோஷ்டியில் சேர்ந்துவிடுவேன்.

முதலில், பெட்டியைத் திறக்காதீர்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், உள்ளே நேர்மின்சாரமாகி சுமார் 325 வோல்ட்டாகக் கெப்பாசிட்டர்களில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கலாம். நமக்கு வேண்டியதெல்லாம் வெளியே தொங்கும் வயர்களில்தான் இருக்கிறது. ஒரு பிளைவுட் துண்டில் டெர்மினல்களை வரிசையாகப் பொருத்தி, வயர்களை அங்கே கொண்டுவந்து முடியுங்கள். பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு ஸ்விட்ச்.

இரண்டாவது, ஒவ்வொரு வழிக்கும் ஒரு ஃப்யூஸ். கல்லூரி லேபில் பார்த்த ஆர்பிஎஸ்ஸில் கரண்டுக்கு வரம்பு வைக்கும் திருகு இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த நாசூக்கு தெரியாது. மஞ்சள் வயரில் பதினைந்து, இருபது ஆம்பியர் தரத் தயாராக இருக்கும் பெட்டி, உங்கள் மெல்லிய வயர் ஷார்ட் ஆனால், "ஏதோ பெரிய வேலை வந்திருக்கிறது" என்று நினைத்து அள்ளிக்கொடுக்கும். வயர் உருகும். 3 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால் பெரும்பாலான சின்ன வேலைகளுக்குப் போதும்.

மூன்றாவது, பழைய பெட்டிகள் பல, சுமை இல்லாமல் ஒழுங்காக ஓடாது. 5 வோல்ட்டில் எதுவுமே இழுக்கவில்லை என்றால் 12 தன் இடத்தில் நிற்காது, அல்லது பெட்டி அணைந்துவிடும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 10 ஓம், 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுவது வழக்கம். அது அரை ஆம்பியர் இழுத்து இரண்டரை வாட்டைச் சூடாக்கித் தின்னும். கை படாத இடத்தில், ஃபேன் காற்று படும்படி வையுங்கள்.

ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்ட 450 வாட்டை நம்ப வேண்டாம். கீழே உள்ள சின்ன அட்டவணையைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று இருந்தால் அந்த வழியில் கிடைப்பது 168 வாட்தான். பிளக் மூன்று முனையாகவே இருக்கட்டும், கறுப்பு வயர் பெட்டியோடும் எர்த்தோடும் இணைந்தது. லித்தியம் பேட்டரியை இதில் நேரடியாக மாட்டி சார்ஜ் ஏற்றவே கூடாது.

எங்கள் ஊரில் கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் உண்டு. ஐடிஐ முடித்தவர். வாட்ச்மேன் அறை ரேடியோவிலிருந்து கல்யாண மண்டப ஆம்ப்ளிஃபயர் வரை அவர் மேசைக்கு வராத பொருள் இல்லை. கார் ஸ்டீரியோவை வீட்டில் ஓட்ட ஆசைப்படும் பையன்களுக்கு பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிக் கொடுப்பது அவருக்கு வாடிக்கையான வேலை. வயர் நிறங்களைப் பற்றி நான் வரையறையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் சொன்னது: "கலர நம்புங்க தம்பி. ஆனா மீட்டர வச்சுப் பாத்துட்டு நம்புங்க. மட்டமான சரக்குல கைக்குக் கெடச்ச வயர இழுத்து விட்ருப்பான்."

வாக்குறுதியை மதிப்பது, அது காப்பாற்றப்பட்டதா என்று அளந்தும் பார்ப்பது. இரண்டு வாக்கியத்தில் பொறியியலின் சாரத்தைச் சொல்லிவிட்டார். நான்கு வருஷப் படிப்பில் இதை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

*

இனி ஆட்சேபங்கள்.

"ஐநூறு ரூபாய்க்குப் புது அடாப்டரே கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?" கிடைக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு ஒரு அடாப்டர். ஒரு மாணவி ஆப்-ஆம்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வையுங்கள். 741 என்ற அந்தச் சின்ன சிப்புக்கு பிளஸ் 12-உம் வேண்டும், மைனஸ் 12-உம் வேண்டும். மைனஸ் தரும் அடாப்டருக்கு எங்கே போவாள்? புது ஆர்பிஎஸ் வாங்கச் சில ஆயிரங்கள் ஆகும். ஆனால் காயலான் கடைப் பெட்டியின் நீல வயரில் அந்த மைனஸ் 12 ஏற்கெனவே இருக்கிறது. பழைய சீரியல் போர்ட்டுகளுக்காகப் போட்டுவைத்தது. அதில் அதிகக் கரண்ட் வராது, அவள் பரிசோதனைக்கு அதுவே தாராளம். பெட்டிகளில் சில புதியவற்றில் நீலம் இருக்காது, பழையதாகப் பார்த்து எடுக்க வேண்டும். இங்கே பழசு என்பதே தகுதி.

"ஆபத்தாச்சே?" ஆமாம், ஆபத்துதான். மேலே நான் எழுதியதில் பாதி எச்சரிக்கை. ஆனால் ஆபத்து என்ற சொல்லை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். அண்ணனுக்கு அது "எங்கே கை வைக்கக் கூடாது" என்பதற்கான அறிவு. பெரிய நிறுவனங்களுக்கு அது "எங்கேயும் கை வைக்காதே" என்பதற்கான சாக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால் ஆபத்து குறையும். சொல்லாமல் மூடி ஒட்டிவைத்தால் ஆர்வமுள்ளவன் குருட்டாம்போக்கில் திறப்பான்.

"மறுசுழற்சிக்குக் கொடுத்துடலாமே?" 2022-இல் உலகம் தூக்கிப் போட்ட மின்கழிவு சுமார் 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. சார்பு அறிக்கை. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். மிச்சத்தில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் இடங்களுக்குப் போகிறது, அந்தப் புகையை யாரோ ஒரு சிறுவன் சுவாசிக்கிறான். முறையான மறுசுழற்சியே நடந்தாலும் அது கடைசிப் படி. ஓடுகிற எஸ்எம்பிஎஸ்ஸை அரைத்துச் செம்பும் இரும்புமாகப் பிரிப்பது, நல்ல வேட்டியைக் கிழித்து நூலாக்குவது மாதிரி. கிலோ கணக்கில் அளக்கும்போது ஓடும் பெட்டிக்கும் செத்த பெட்டிக்கும் எடை ஒன்றுதான்.

*

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், ஏனென்றால் பெட்டிகளை ஊமையாக்கும் வேலையில் பெரும்பங்கு இன்று மென்பொருளுடையது.

2016 மே மாதம் நெஸ்ட் நிறுவனம், ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சர்வர்களை அணைத்தது. 300 டாலர் கொடுத்து வாங்கிய கருவி ஒரே நாளில் பேப்பர் வெயிட் ஆனது. எந்தப் பாகமும் பழுதாகவில்லை. அது யாரோடு என்ன பேசும் என்று வெளியே யாருக்கும் சொல்லப்படவில்லை. ஒரே ஒரு எஜமானின் குரலை மட்டும் கேட்கப் பழக்கப்பட்டிருந்தது, எஜமான் போனை வைத்ததும் அதன் கதை முடிந்தது. சில மடிக்கணினி சார்ஜர்களின் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். "நான் அசல் சார்ஜர்" என்று சொல்வதுதான் அதன் வேலை. அந்த ஊசி வளைந்தால், அதே வோல்ட், அதே ஆம்பியர் வந்தாலும் மடிக்கணினி பேட்டரியை ஏற்ற மறுக்கும். மின்சாரம் சரி, அடையாள அட்டை சரியில்லை. இந்தத் தடைகளை எழுதுவது யார்? என்னைப் போல் பொறியியல் படித்துவிட்டு, ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் "டிக்கெட் க்ளோஸ்" என்று சொல்பவர்கள்தான்.

ஆயுத பூஜை அன்று ஐடி அலுவலகங்களைப் பாருங்கள். லேப்டாப்புக்குச் சந்தனம், மானிட்டருக்குக் குங்குமம், சர்வர் அறைக்கு வாழைக்கன்று. மற்ற 364 நாளும் அந்தப் பெட்டியின் ஒரு திருகைக்கூடக் கழற்றியிராத கைகள் பொட்டு வைக்கின்றன. கருவியைக் கும்பிடுவோம், கருவியைத் தொட்டு வேலை செய்கிறவரை "மெக்கானிக் பையன்" என்போம். அவருக்கு ஐம்பது வயதானாலும் அவர் பையன்தான். இந்த நாட்டில் கையழுக்கு யார் மேல் படலாம் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பொறியியல் பட்டம் அந்தக் கணக்கைக் கலைக்கவில்லை, அதற்கு ஏசி போட்டுக் கொடுத்தது.

நான் படித்த கல்லூரியில் ஆர்பிஎஸ்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும். லேப் நேரத்தில் ஐந்து பேருக்கு ஒன்று வெளியே வரும். ஒருவன் திருகைத் திருப்புவான், ஒருத்தி எழுதுவாள், மூன்று பேர் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைவார்கள். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை விற்கும் கடைகள் சென்னையில் செழித்ததற்கு மாணவர்களின் சோம்பலை மட்டும் காரணம் சொல்வது அநியாயம். மூன்று வருஷம் தொட விடாமல் வைத்திருந்துவிட்டு நாலாவது வருஷம் "செய்து காட்டு" என்றால் அவன் கடைக்குத்தான் போவான். அதே வளாகத்தின் பின்கட்டில், ஏலத்துக்காகக் காத்திருக்கும் பழைய கணினிகள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே குவிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பவர் சப்ளை. அலமாரியில் இல்லை என்று சொன்னது முழுவதும் குப்பையில் இருந்தது.

இலக்கியவாதிகளுக்கும் ஒரு வார்த்தை. தாத்தாவின் வால்வ் ரேடியோவைப் பற்றி நான் படித்த கவிதைகளுக்கும் கதைகளுக்கும் கணக்கில்லை. அதன் பச்சை விளக்கு, அதன் கரகரப்பு, அதன் மேல் போட்ட பின்னல் துணி. அதன் பின்மூடியைத் திறந்த ஒரு கதாபாத்திரத்தை அபூர்வமாகத்தான் சந்தித்திருக்கிறேன். பொருள் செத்த பிறகு அதற்கு இரங்கற்பா எழுதத் தெரிந்த மொழிக்கு, அது உயிரோடு எப்படி ஓடியது என்று சொல்லவும் தெரிய வேண்டும். நினைவேக்கத்தை நிறுவனங்கள் எதிர்ப்பதே இல்லை, கவனித்தீர்களா? பழைய ரேடியோ வடிவத்தில் புளூடூத் ஸ்பீக்கர் செய்து நமக்கே விற்கிறார்கள்.

*

நான் கேட்பது ஒன்றே ஒன்று: எழுதிவையுங்கள், வெளியிடுங்கள்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றிய பேச்சு இந்தியாவிலும் ஆரம்பித்திருக்கிறது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரில் ஒரு போர்ட்டலும் வந்தது. நல்லது. ஆனால் குழுவும் போர்ட்டலும் சட்டம் ஆகிவிடாது. அந்தப் பேச்சிலும் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், சர்வீஸ் சென்டர் வேண்டும் என்பதே முன்னால் நிற்கிறது. உதிரிபாகம் பழைய வேலையை மட்டும்தான் திருப்பித் தரும். ஆவணம் இருந்தால், செய்தவரே நினைத்துப் பார்க்காத புது வேலையைக் கொடுக்கலாம். 1995-இல் ஏடிஎக்ஸை எழுதியவர்கள் கார் ஸ்டீரியோவையோ, ஆப்-ஆம்ப் பரிசோதனை செய்யும் மாணவியையோ நினைத்திருக்க மாட்டார்கள். நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்த வயரில் என்ன என்று சொன்னார்கள், அது போதுமானதாக இருந்தது.

இது பழைய தகரப் பெட்டியோடு முடிகிற ஆசை அல்ல. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கைபேசிகளுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். அந்தக் கனெக்டர் வழியாக சார்ஜரும் கருவியும் பேசிக்கொள்ளும் முறையும் வெளியிடப்பட்ட வரையறைதான். அதனால்தான் இன்று சில நூறு ரூபாய் ட்ரிக்கர் போர்டு ஒன்றை வைத்து, போன் சார்ஜரிடமிருந்தே 9, 15, 20 வோல்ட் என்று கேட்டு வாங்க முடிகிறது. நாளைக்குச் சட்டைப் பையில் போகப்போகும் பட்டறை அதுதான். ஐரோப்பாவில் எல்லாப் புதுக் கைபேசிக்கும் அந்தக் கனெக்டர் கட்டாயமானது ஒரு நிறுவனத்தின் நல்ல மனசால் அல்ல, சட்டம் போட்டுக் கேட்டதால்.

ஆகவே அடுத்த முறை உங்கள் கல்லூரியோ அலுவலகமோ பழைய கணினிகளை ஏலம் விடும்போது, பவர் சப்ளைகளைச் சோதித்துப் பிரித்தெடுத்து லேபுக்குக் கொடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு மீட்டரும் பச்சை-கறுப்புச் சோதனையும் போதும், ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிஷம். அடுத்த முறை ஒரு கருவி வாங்கும்போது, "இதன் சர்வர் நின்றுபோனால் இது என்ன செய்யும்?" என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் முழிப்பார், பரவாயில்லை. நூறு பேர் கேட்டால் அவர் தன் மேலாளரிடம் கேட்பார். என்னைப் போல் மென்பொருள் எழுதுகிறவராக இருந்தால், நீங்கள் செய்யும் கருவியின் பேச்சுமொழியை வெளியே எழுதிவைக்க உங்கள் குழுவில் வாதாடுங்கள். தோற்றாலும் மினிட்ஸில் பதிவாகட்டும்.

யாராவது உங்கள் பிளைவுட் பலகையைப் பார்த்து ஜுகாட் என்று சொன்னால், "இல்லங்க, இது படிச்சுப் பண்ணது" என்று சொல்லுங்கள்.